ஒரே சுருளில் வந்த நான்கு

பதினான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் லேசாக முனகினால் போதும், மேலாளர் கேட்கும் முதல் கேள்வி, “கயிறு எங்கப்பா இருக்காரு?” என்பதுதான். கயிறு என்பது ஆள். லிஃப்ட் மெக்கானிக். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க, இருபத்தாறு வருஷமாக எல்லோரும் அவரைக் கயிறு என்றே கூப்பிட்டார்கள். கயிறு திரிக்கிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்தவர் திரித்த கயிற்றையே தடவிப் பார்க்காமல் நம்பாத ஆள்.

லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறி நின்று, அதைத் தாங்கும் ஆறு எஃகுக் கயிறுகளையும் ஒவ்வொன்றாக உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவார். அந்தத் தட்டு அலையாக மேலே போய், சக்கரத்தில் முட்டி, திரும்பி அவர் கைக்கே வரும். ஆறிலும் ஒரே கணக்கில் திரும்பி வந்தால் ஆறும் சுமையைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று அர்த்தம். ஒன்றில் முந்தியோ பிந்தியோ வந்தால் அன்றைக்கு அவர் சாப்பாட்டுப் பையைத் திறக்கமாட்டார்.

அவருடைய தொழிலில் ஒரு சட்டம் உண்டு. ஆறு கயிறும் ஒரே சுருளிலிருந்து வெட்டியதாக இருக்க வேண்டும். மாற்றினால் ஆறையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒருமுறை வேறு குழு ஒன்று, தேய்ந்த ஒரு கயிற்றை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருந்தது. இவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

“மீதி அஞ்சும் நல்லாத்தானே இருக்கு? ஏன் வம்பு பண்றீங்க?” என்றார் மேலாளர்.

“ஒரு கால்ல புதுச் செருப்பும் ஒரு கால்ல தேஞ்ச செருப்பும் போட்டுக்கிட்டு பதினாலு மாடி ஏறி வாங்க சார். மேல வந்தப்புறம் பேசுவோம்.”

மேலாளர் ஏறவில்லை. ஆறு கயிறும் மாறின.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு பதிவுப் புத்தகம் இருக்கும். பழுது என்ன, காரணம் என்ன என்று எழுத வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் எல்லோரும் ‘இயந்திரக் கோளாறு’ என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் எழுதியதைப் பாருங்கள்: ‘கதவு உருளையின் திருகு சரியாக இறுக்கப்படவில்லை. இறுக்கியது நான்.’

“உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிறியேப்பா!” என்று மேலதிகாரி தலையில் அடித்துக்கொண்டார்.

“காரணத்தை எழுதலைன்னா அடுத்து வர்றவனும் அதே இடத்துல தடுக்கி விழுவான் சார். கல்லு எங்க கிடக்குன்னு சொல்றதுல என்ன வெட்கம்?”

பத்தாம் வகுப்பும் இரண்டு வருஷத் தொழிற்பயிற்சியும்தான் அவர் படிப்பு. ஆனால் நூறு பக்கக் கையேட்டை அகராதியோடு உட்கார்ந்து வரிவரியாக முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். பட்டம் வாங்கிய பலர் அந்தக் கையேட்டின் அட்டையைத் தாண்டியதில்லை.

அவர் குடியிருந்தது மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. “சமையல்காரன் வீட்டுல பட்டினி” என்று மனைவி ஒவ்வொரு படிக்கட்டுத் திருப்பத்திலும் சொல்லிச் சிரிப்பார்.

மனைவியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கண் தெரியாத மாணவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார் அவர். ஒரு பள்ளிக்கூடம் ஒரு மாசத்துக்கு என்று கேட்டது. ஒரு மாசம் பதினொரு வருஷமானது. படுக்கையறையின் பெரிய துணி அலமாரிதான் ஒலிப்பதிவுக் கூடம். உள்ளே சுற்றிலும் கம்பளிப் போர்வை தொங்கும், நடுவில் ஒரு முக்காலி, ஒரு மைக், ஒரு சின்ன விளக்கு. கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பார். சட்டம், உடற்கூறு, இயற்பியல், கணக்குப்பதிவியல், நடுநடுவே நாவல்கள் என்று அறுநூற்று நாற்பத்திரண்டு புத்தகம். முகம் பார்த்திராத பிள்ளைகள் பல ஊர்களிலிருந்து போன் செய்து ‘வாசிப்பு அக்கா’ என்று கூப்பிடுவார்கள்.

வாசிக்கும்போது நாக்குப் பிறழும், பக்கத்து வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்கும், சில சமயம் கயிறு கதவைத் தட்டி ‘காபி ஆறுது’ என்பார். வெட்டி எடுத்த அந்தத் துண்டுகளை எல்லாம் மனைவி தூக்கிப் போடவில்லை. ‘தப்பு’ என்று பெயரிட்டு ஒரு தனிக் கோப்புறையில் சேர்த்துவைத்தார். பதினொரு வருஷத் தடுமாற்றமும், புருஷனைத் திட்டியதும், அடக்க முடியாமல் சிரித்த சிரிப்பும் அதில் கிடந்தன.

பிறகு அவர் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஒரு நாளைக்கு மொத்தமாக அரை மணி நேரம்தான் பேசலாம். மீறினால் இருக்கிற குரலும் போய்விடும்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு ரேஷனுக்கு வந்தது. பேசவேண்டியதைப் பெரும்பாலும் நோட்டில் எழுதிக் காட்டுவார். கயிறு வழக்கம்போல, “சட்டை எங்கம்மா? சாவி எங்கம்மா?” என்று கேட்டுக்கொண்டே நிற்க, ஒருநாள் மனைவி பொறுக்காமல் வாயைத் திறந்தார்.

“ஏங்க, இருக்கிறது அரை மணி. அதை உங்க சாவிக்கே செலவழிக்கணுமா?”

அந்த வாரம்தான் ஒரு பென் டிரைவ் பழுதாகி இரண்டு புத்தகங்களை விழுங்கியது. முன்னே என்றால் மறுபடி வாசித்திருப்பார். இனி முடியாது. மிஞ்சிய அறுநூற்று நாற்பது புத்தகமும் இரண்டு பழைய லேப்டாப், ஏழெட்டு பென் டிரைவ், கீழே விழுந்து ஓரம் நசுங்கிய ஒரு டிஸ்க் என்று வீடெல்லாம் சிதறிக் கிடந்தன. கயிறு அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்கினார். இவ்வளவு பாரத்தை இப்படியா நூலில் தொங்க விடுவது?

வீட்டிலேயே ஒரு சர்வர் கட்டுவது என்று முடிவு செய்தார். ஒரு பெட்டி, அதற்குள் நான்கு ஹார்ட் டிஸ்க். நான்கிலும் தரவைப் பிரித்து எழுதி, கூடவே ஒரு டிஸ்க் அளவுக்குச் சரிபார்ப்புக் கணக்கையும் எழுதிவைப்பது. ஒன்று செத்தால், மீதி மூன்றையும் வைத்து அதிலிருந்ததைத் திரும்பக் கட்டியெழுப்பிவிடலாம். படித்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது. இது நம்ம லிஃப்ட் கயிறேதான்!

எந்த டிஸ்க்கை நம்புவது என்பதற்கு ஒன்றரை மாசம் படித்தார். மதிய உணவு இடைவேளையில், மோட்டார் அறையில், மடியில் அகராதி. சில டிஸ்க்குகளில் எழுதும் தடங்கள் ஓடு வேய்ந்த கூரைபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருக்கும், ஒரு வரியைத் திருத்த அடுத்தடுத்த ஓடுகளையெல்லாம் எடுத்து அடுக்க வேண்டும், கட்டியெழுப்பும்போது அது மூச்சு வாங்கும். ஆகவே அது வேண்டாம். நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்தது வேண்டும். உத்தரவாதம் நீளமாக இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் ஓடியது என்று டிஸ்க்கே தனக்குள் எண்ணிவைத்திருக்கும், புதியது என்று விற்பதில் அந்த எண் பூஜ்ஜியமாக இருக்கிறதா பார்க்க வேண்டும். இத்தனையும் சரி. இத்தனையிலும் அவர் கண் தப்பவில்லை.

கடைசியில் தன் தொழிலின் சட்டத்தையும் ஒரு வரியாகச் சேர்த்தார்: நான்கும் ஒரே சுருள்.

கணினி உதிரிபாகக் கடையை நடத்தியது கண்ணாடி போட்ட ஓர் அம்மா. கயிறு அவரிடம் நான்கு டிஸ்க் கேட்டார். ஒரே மாடல், ஒரே மாசம், ஒரே பெட்டியில் வந்தது, வரிசை எண்கூட அடுத்தடுத்து.

“என்ன சார், ஒரே பிரசவத்துல பிறந்த நாலு பிள்ளைங்களா தேடுறீங்க?” கடைக்கார அம்மா கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார். “பொதுவா கலந்து வாங்குவாங்க. ரெண்டு இந்தக் கம்பெனி, ரெண்டு அந்தக் கம்பெனின்னு.”

“கலந்து வாங்குறது காய்கறிக்கு சரிம்மா. பாரம் தாங்குறதுக்கு ஆகாது.”

“இல்ல சார், ஒரே பெட்டியில ஒரு குறை இருந்தா...”

“நீங்க விக்கிறவங்க. நான் தொங்க விடுறவன்.”

பிடித்த முயலுக்கு மூன்றே கால். அந்த அம்மா தோளைக் குலுக்கிவிட்டு, உள்ளே போய் பெட்டியைப் பிரித்து, வரிசை எண்படி நான்கை எடுத்துவந்து வைத்தார்.

வீட்டில் பெட்டியின் அடியில் அதிர்வு ஏறாமலிருக்க, மோட்டார்களுக்குப் போடுவதுபோல ரப்பர் துண்டுகள் வைத்தார். மூன்று நாள் டிஸ்க்குகளை ஓட்டிச் சோதித்தார். நான்கின் வெப்பத்தையும் வேகத்தையும் கோடாக வரைந்தால், நான்கு கோடும் ஒரே கோடாக விழுந்தது. பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தால் ஒரே முனகல். மனைவியைக் கூப்பிட்டுக் கையை வைக்கச் சொன்னார்.

“பாரும்மா, நாலும் ஒரே சுதி!”

அவர் பேச்சைச் செலவழிக்காமல், புருவத்தை மட்டும் உயர்த்திப் பாராட்டினார்.

மனைவியின் தம்பி, கயிறு ‘மாப்ள’ என்று கூப்பிடுபவர், நகரின் மறுகோடியில் குடியிருந்தார். வங்கியில் ஆவணப் பிரிவில் வேலை. வந்து பார்த்துவிட்டு, “மாமா, எல்லாம் சரி. என் வீட்டுல ஒரு பெரிய டிஸ்க் சும்மா கிடக்கு. அதுலயும் ஒரு நகல் எடுத்து வச்சிடுவோமே?” என்றார். கயிறு சிரித்துவிட்டார். “நாலு இருக்கே மாப்ள. லிஃப்டுக்குப் பக்கத்துல இன்னொரு லிஃப்டையா தொங்க விடுவாங்க?”

பதினைந்து மாசம் ஓடியது. பிள்ளைகள் இந்த வீட்டு சர்வரிலிருந்தே புத்தகங்களை இறக்கிக் கேட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மூன்றாவது டிஸ்க் பேச்சு மூச்சில்லாமல் நின்றது. கயிறு பதறவில்லை. இதற்குத்தானே நான்கு போட்டது? சனிக்கிழமை புதிய டிஸ்க் ஒன்றை வாங்கி மாட்டி, கட்டியெழுப்பும் வேலையைத் தொடங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை முகத்தில் நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றார். டிக். கொஞ்சம் இடைவெளி. டிக் டிக்.

மனைவியும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பதினொரு வருஷம் தன் பதிவில் ஊசி விழுந்தாலும் கண்டுபிடித்த காது அது.

முதல் டிஸ்க். கயிறு காதை வைத்துக் கேட்டார். திரையில், அதில் படிக்க முடியாமல் கெட்டுப்போன இடங்களின் எண்ணிக்கை எட்டு. முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் இருபத்து நான்கு. கட்டியெழுப்பும் வேலை அப்போது முப்பத்தொரு சதவீதத்தில் இருந்தது. இதுவும் செத்தால் மீதி இரண்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அறுநூற்று நாற்பது புத்தகமும் அத்தோடு சரி.

எங்கே தப்பு நடந்தது என்று அவருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. கடைக்கார அம்மா முடிக்காமல் விட்ட வாக்கியத்தின் மீதி இப்போது காதில் விழுந்தது. ஒன்றாகப் பிறந்து, ஒரே பெட்டியில், ஒரே சூட்டில், ஒரே வேலை செய்தவை. ஒன்றுக்கு வந்த நோய் மற்றதற்கும் வந்திருந்தது.

அவசரக்காரர்கள் இந்த இடத்தில், ‘இன்னும் அறுபத்தொன்பது சதவீதம்தானே, ஓடட்டும்’ என்று சாமியைக் கும்பிட்டிருப்பார்கள். கயிறு கட்டியெழுப்பும் வேலையை நிறுத்தினார். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் முதல் வேலை என்ன? ஏன் நின்றது என்று ஆராய்வதா? ஆளை இறக்குவது. அப்புறம்தான் லிஃப்டைப் பார்ப்பது. கட்டியெழுப்ப வேண்டுமானால் டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம், காலி இடம் உட்பட, படித்தாக வேண்டும். புத்தகங்களை மட்டும் நகலெடுத்தால் அந்த நோயாளி கொஞ்சம் குறைவாக நடந்தால் போதும். புதிதாக எதுவும் எழுதாமல், படிக்க மட்டும் திறந்துவைத்தார். மேசை மின்விசிறியை டிஸ்க்குக்கு நேராகத் திருப்பினார்.

மாப்ளைக்குப் போன் போட்டார். “அந்த டிஸ்க்கைக் கொண்டு வா மாப்ள. கேள்வி அப்புறம் கேளு.”

மாப்ள அரை மணியில் மூன்று மாடியும் ஓடிவந்து, மூச்சிரைக்க டிஸ்க்கை நீட்டினார். “மாமா, பக்கத்துல இன்னொரு லிஃப்டு...”

“கேலி பண்ணு. நியாயம்தான். முதல்ல ஒயரைக் குடு.”

அறுநூற்று நாற்பதையும் நகலெடுக்க ஒரு நாளைக்கு மேல் ஆகும். டிஸ்க் அதுவரை தாங்குமா என்று யாருக்கும் தெரியாது. எதை முதலில் இறக்குவது? கயிறு மனைவியைப் பார்த்தார். “நீ எழுதிக் குடும்மா, நான் வரிசையா போடுறேன்.”

மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைய பேச்சில் ஒரு நிமிடம்கூட இன்னும் செலவாகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“எழுதுற நேரத்துல அது செத்துடும். சொல்றேன், தட்டுங்க. நானூத்திப் பன்னெண்டு.”

புத்தகங்களுக்கெல்லாம் எண் உண்டு. பிள்ளைகள் போனில் எண் சொல்லித்தான் கேட்பார்கள் என்பதால் எல்லாமே அவருக்கு மனப்பாடம்.

“நானூத்திப் பன்னெண்டு, சாட்சியச் சட்டம். அந்தப் பொண்ணுக்குப் பத்தொன்பது நாள்ல பரீட்சை. இருநூத்தி எட்டுலேர்ந்து இருநூத்திப் பதினொண்ணு வரைக்கும் உடற்கூறு, நாலு பாகம். ஐந்நூத்தி முப்பது, இயற்பியல்.”

“அக்கா, நாவல் எல்லாம்?” என்றார் மாப்ள.

“கடைசி. கதையை யாராவது ஆசைப்பட்டு வாசிப்பாங்க. இயற்பியலை என்னைத் தவிர எவ வாசிப்பா?”

கயிறு தட்டிக்கொண்டே இருந்தார். கெட்ட இடம் நாற்பது. நாற்பத்தெட்டு. கால் மணிக்கு ஒருமுறை எண்ணிக்கையைப் பதிவு நோட்டில் குறித்துக்கொண்டார். எண்கள் சொல்லிச் சொல்லி மனைவியின் குரல் கரகரத்தது. நடுவில் ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு, எண்ணைச் சொல்லாமல் புருஷனைப் பார்த்தார்.

“ஒண்ணு கேக்கணும். ஆறு கயிறு இருந்தும், கூண்டுக்கு அடியில ஒரு பிடிப்பான் வைக்கிறீங்களே, கயிறு எல்லாம் அறுந்தாலும் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும்னு சொல்வீங்களே. அதை எதுக்குங்க வைக்கிறீங்க?”

மாப்ள ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை மறைத்துக்கொண்டார். கயிறுக்குக் காது மடல் சிவந்தது. தான் பார்க்கும் லிஃப்ட் எல்லாவற்றிலும் அந்தப் பிடிப்பானை வருஷா வருஷம் சோதித்துக் கையெழுத்துப் போடுபவர் அவர். சொந்த வீட்டில் பிடிப்பான் இல்லாமல் தொங்கவிட்டிருக்கிறார்.

“தப்புதாம்மா” என்றார். விரல்கள் அடுத்த எண்ணுக்குக் காத்திருந்தன.

இருபத்தொன்பதாவது நிமிடத்தில் பட்டியல் முடிந்தது. மனைவி எழுந்தார். கயிறு விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல் மெதுவாகக் கேட்டார். “‘தப்பு’?”

“எல்லாத்துக்கும் கடைசி. அதுல யாருக்கும் பாடம் இல்ல.”

இனி இந்த வீட்டில் மனைவியின் சிரிப்பு அளந்துதான் வரும். பழைய, அளக்காத சிரிப்பு முழுக்க அந்த ஒரு கோப்புறையில் இருந்தது. அதை நகலெடுக்க எட்டு நிமிடம் போதும். மனைவி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார், மாப்ள மின்விசிறியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அதை முதலில் போட்டால் கேட்க ஆளில்லை. கயிறின் விரல் விசையின்மேல் ஒரு கணம் நின்றது. அந்த எட்டு நிமிடத்தில் டிஸ்க் செத்தால், சட்டம் படிக்கிற பெண் எதைக் கேட்டுப் பரீட்சை எழுதுவாள்? அறுநூற்று நாற்பத்தோராவதாகத் ‘தப்பு’ என்று தட்டிவிட்டு, ஓடவிட்டார்.

டிஸ்க் அன்று முழுக்கத் தாங்கியது. மறுநாள் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை மதியம் அறுநூற்றுப் பதினோராவது புத்தகம் முடிந்ததும் நீளமாக ஒரு டிக் கேட்டது. பிறகு சத்தமே இல்லை.

இருபத்தொன்பது நாவல்களும் ‘தப்பு’ம் போயின. மாணவர்களின் பாடப் புத்தகம் ஒன்றுகூடப் போகவில்லை.

அன்று மாலை சட்டம் படிக்கிற பெண்ணிடமிருந்து போன் வந்தது. “அக்கா, ரெண்டு நாளா சர்வர் கிடைக்கலை. ஏழாவது அத்தியாயம் வேணும்.” கயிறு போனை வாங்கி, “அனுப்பி வைக்கிறேம்மா. கோளாறு என்னுதுதான். நீ படிச்சுக்கிட்டு இரு” என்றார்.

பதிவு நோட்டில், காரணம் என்ற இடத்தில், அவர் எழுதியது இப்போதும் இருக்கிறது: ‘நான்கும் ஒரே சுருள். தனி நகல் இல்லை. இரண்டையும் பிறர் எச்சரித்தும் தேர்ந்தெடுத்தது நான்.’

புதன்கிழமை செத்த இரண்டு டிஸ்க்கையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். பையைப் பார்த்ததுமே கடைக்கார அம்மா சண்டைக்குத் தயாரானார். பழுதான சரக்கோடு வருபவர்கள் பூ கொண்டு வந்ததாக அவர் அனுபவத்தில் இல்லை.

“நீங்க அன்னைக்குச் சொன்னது சரிம்மா. நான் உங்களை முழுசா பேச விடலை.”

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இத்தனை வருஷத்துல இந்த வார்த்தையை இந்த மேசை கேட்டதே இல்ல சார்.” பிறகு ஒரு நோட்டைப் புரட்டினார். “அதே பெட்டியில வந்ததை இன்னும் மூணு பேரு திருப்பிக் கொண்டு வந்துட்டாங்க. இப்ப என்ன வேணும்?”

“உடன்பிறப்பே இல்லாத நாலு.”

“என்கிட்ட ரெண்டு வாங்குங்க. வேற வேற கம்பெனி, வேற வேற வருஷம். மூணாவதை எதிர்க்கடையில வாங்குங்க, அவங்களுக்குச் சரக்கு வேற வழியா வருது. நாலாவதுக்கு ஒரு மாசம் பொறுங்க, புதுசா வரும்.”

“விக்கிறவங்க வாயில எதிர்க்கடைப் பேரு வருதே!”

“தொங்க விடுறவரு வாயில மன்னிப்பு வந்துச்சே சார்.”

இந்த முறை ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒரு வாரம் பிழிந்தெடுத்தார். முழுக்க எழுதி, முழுக்கப் படித்து, மறுபடி எழுதி. லிஃப்டில் ஆளை ஏற்றும் முன்னே மணல் மூட்டையை ஏற்றிப் பார்ப்பதுபோல. எதிர்க்கடை டிஸ்க் நான்காம் நாளே நொண்டியது. திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினார். நான்காவது வந்து சேர்ந்ததும் இரண்டு செத்தாலும் இரண்டு தாங்கும்படி அமைத்தார். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பதிவு நோட்டில் ஒரு பக்கம். மாப்ளை வீட்டில் ஒரு நகல், பள்ளிக்கூடத்தில் ஒரு நகல்.

“அப்போ உங்க சட்டம் பொய்யா மாமா?” என்றார் மாப்ள.

“சட்டம் கயிறுக்குச் சரி மாப்ள. ஆறும் ஒரே பாரத்தைச் சேர்ந்து இழுக்குது, ஒண்ணு நீண்டா பாரம் மத்தது தலையில விழும். அறுந்துபோறதுக்கு முன்னாடி மேல கம்பி கம்பியா பிரிஞ்சு கண்ணுக்குத் தெரியும், எண்ணிக்கூடப் பார்க்கலாம். இது அப்படியில்ல. தனித்தனியா சுத்துது, சொல்லாம போயிடுது. நான்தான் என் வேலையோட சட்டத்தை இதுமேல ஏத்திட்டேன்.”

சர்வர் ஓடத் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை மனைவி அலமாரிக்குள் விளக்கைப் போட்டார். அழிந்துபோன இருபத்தொன்பதில் முதல் நாவல். ஒரு நாளைக்குக் கால் மணி வாசிப்பு, கால் மணி வீட்டுக்கு என்று ரேஷனைப் பிரித்திருந்தார். எல்லாவற்றையும் முடிக்க எத்தனை வருஷம் ஆகும் என்று மாப்ள கணக்குப் போட வாயெடுத்தபோது கயிறு அவர் காலை மிதித்தார்.

இரண்டு பக்கம் போனதும் அலமாரிக் கதவு திறந்தது. “ஏங்க, அந்தப் பெட்டியில நாலும் நாலு சுதியில முனகுது. எனக்கு வாசிக்க வரல.”

“முனகட்டும்மா. ஒரே சுதியில முனகினாத்தான் எனக்கு இனிமே சோறு இறங்காது.”

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கரகரப்போடு, ரேஷனை மறந்து, அது பாட்டுக்கு வந்தது. சிரித்து முடித்து மைக்கைப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கயிறு அந்தத் துண்டை வெட்டி எடுத்தார். சர்வரில் ‘தப்பு’ என்று புதிதாக ஒரு கோப்புறை திறந்து அதில் போட்டார். நாற்பது விநாடி. பிறகு பதிவு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, மாப்ளை வீட்டு நகலிலும் பள்ளிக்கூட நகலிலும் அது போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்து, மூன்று இடத்துக்கும் நேராக ஒவ்வொன்றாகக் குறியிட்டார்.